துண்டுக்கு அடியில் என்ன விலை?

நண்பர் ஒருவர் பாங்காக் போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து சாதுசாக் புராணம்தான். 'வாரக் கடைசியில் கூடுற சந்தை சார். ஆயிரக்கணக்கில் கடை. செடியிலிருந்து சேலை வரைக்கும் எல்லாம் கிடைக்குது. வெயில்தான் மண்டையைப் பிளக்குது' என்று செல்போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். மொத்தச் சந்தையையும் 27 பகுதிகளாகப் பிரித்து நம்பர் போட்டிருக்கிறார்களாம். நடுவில் ஒரு மணிக்கூண்டு. வழி தவறினால் அதைப் பார்த்து நடந்தால் போதுமாம்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: 'நம்ம பக்கம் இப்படி ஒண்ணு உண்டா?'

எனக்குச் சுருக்கென்றது. சந்தைக்கும் வெயிலுக்கும் நாம் தாய்லாந்துக்காரரிடமா டியூஷன் போக வேண்டும்? 'செவ்வாய்க்கிழமை விடியக் காலையில் கிளம்பி வாங்க. பொய்கைக்குப் போவோம்' என்றேன்.

வேலூரை வெயிலூர் என்று சொல்வது பழைய ஜோக்தான். ஆனால் சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வந்து பார்த்தவர்கள் அதை ஜோக் என்று சொல்ல மாட்டார்கள். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி போகிற வழியில், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பொய்கை. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மாட்டுச் சந்தை. வட தமிழ்நாட்டில் மாடு வைத்திருக்கும் எவரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். திருவண்ணாமலையிலிருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவிலிருந்து, கர்நாடகாவிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் நான்கும் ஒரே மாட்டைச் சுற்றி நின்று பேசும். 'பொய்கை சந்தையில் வரத்து அதிகம், இத்தனை கோடிக்கு வர்த்தகம்' என்று புதன்கிழமை பேப்பரில் நாலு வரி வரும். அதோடு நாமும் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

நம்பர் போட்ட பகுதி கிடையாது. மணிக்கூண்டு கிடையாது. ஆனால் யாரும் வழி தவறுவதில்லை. கறவை மாடு ஒரு பக்கம், உழவு மாடு ஒரு பக்கம், கன்றுகள் ஒரு பக்கம் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. தை, மாசியில் ஊர் ஊராக நடக்கும் மாடு விடும் விழாக்களில் ஓடுகிற காளைகளுக்குத் தனி மரியாதை. காளையின் சொந்தக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தமாக விலை சொல்வார். நீங்கள் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

மற்ற மாடுகளின் விலை யார் காதிலும் விழாது. இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

* * *

முதலில் பல். மாட்டுக்கு மேல் வரிசையில் முன்பல் கிடையாது. கீழ் வரிசையில்தான் எட்டு. பால் பல் விழுந்து நிலைப்பல் முளைப்பதை வைத்து வயது சொல்வார்கள். ரெண்டு பல் என்றால் ஏறக்குறைய ரெண்டு, ரெண்டரை வயது. நாலு பல், ஆறு பல் என்று ஏறி, எட்டும் முளைத்து 'கடை சேர்ந்தால்' நாலரை, ஐந்து வயது தாண்டியது என்று கணக்கு. அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்த்து அனுபவஸ்தர்கள் சொல்வதுதான். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிறவன் பார்க்காமல் விடுவானா?

அப்புறம் மடி. ரெண்டு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய வித்தை. அதற்குப் பதில் வித்தை, 'எங்க, ஒருவாட்டி கறந்து காட்டு' என்று வாங்குகிறவர் கேட்பது. சுழி பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது, முதுகில் தட்டிப் பார்ப்பது என்று இன்னும் எத்தனையோ.

சிரிக்காதீர்கள். இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்கு வண்டியின் வண்டவாளம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை சந்தை ஒழுங்காக நடக்காது என்பது அவர் வாதம். அதே கட்டுரையில் இந்தியக் கிராமத்து வட்டிக்காரரும் வருவார். 2001-ல் வேறு இருவரோடு அவருக்குப் பரிசு கிடைத்தது. பி.காம். படித்தபோது இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தந்திருந்தாலும் புரிந்திருக்காது. பொய்கையில் ஒரு மாட்டின் வாயைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

ஆனால் ஏக்கர்லாஃப் சொன்னது பாதிதான். மாட்டைப் பற்றி விற்கிறவருக்கு அதிகம் தெரியும், சரி. விலையைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார்? வாரத்துக்கு நாலு சந்தை சுற்றும் வியாபாரிக்கும் தரகருக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு என்ன தெரியும்?

* * *

இப்போது துண்டுக்கு வருவோம்.

மாட்டுச் சந்தை என்றதும் எல்லாப் புகைப்படக்காரர்களும் எடுக்கும் படம் ஒன்று உண்டு. ரெண்டு பேர் கை குலுக்குவதுபோல் நிற்பார்கள். கைகள் மேல் ஒரு துண்டு கிடக்கும். அடியில் விரல்கள் பேசிக்கொண்டிருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ரெண்டைப் பிடித்தால் ரெண்டு. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. ஒருவர் கையை உதறிவிட்டுப் போவதுபோல் போவார். தரகர் இழுத்து வருவார். மறுபடி துண்டு விழும். நண்பர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். 'என்ன ஒரு பாரம்பரியம் சார்!' என்றார். நாலு படம் எடுத்தார்.

நான் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் செவலை மாட்டின் கயிறு. அவருடைய மாடு. குழுவில் கடன் வாங்கி அவர் பேரில் எடுத்தது. தீனி வைத்ததும், சாணி அள்ளியதும், விடியக் காலையில் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியதும் அவர்தான். விலை பேசுவது மட்டும் அவருடைய கொழுந்தன். ஏன்? பேச்சு துண்டுக்கு அடியில் அல்லவா நடக்கிறது? முன்பின் தெரியாத ஆண் கையில் ஒரு பெண் கையைக் கொடுத்துவிட்டு நிற்க முடியுமா?

துண்டு விலகியது. தரகர் தலையசைத்தார். கொழுந்தன் தலையசைத்தார். அந்தப் பெண்மணி கேட்டார்:

'எவ்ளோண்ணா முடிஞ்சுது?'

'நல்ல வெலதாம்மா. கயித்தக் குடு' என்றார் தரகர்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். நாற்பதாயிரம் வந்தால் குழுக்கடன் அடையும் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார். கைக்கு வந்தது முப்பத்தாறு. 'தோ, அந்தாண்ட இதே மாதிரி மாடு ஒண்ணு போச்சு சார். அது எவ்ளோவுக்குப் போச்சுன்னு தெரிஞ்சா மனசு ஆறிடும்' என்றார்.

அவ்வளவுதான் அவர் கேட்டது. கூட நாலாயிரம் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பக்கத்து மாடு என்ன விலைக்குப் போனது? பத்தடி தூரத்தில் நடந்த வியாபாரம் அது.

* * *

தரகரைக் குறை சொல்லிவிட்டு வந்துவிடுவது சுலபம். அதனால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தேன். முப்பது வருஷ அனுபவஸ்தர். 'இன்னா சார், பேப்பர்ல தரகன்னா திருடன்னு எழுதப் போறீங்களா?' என்றார் எடுத்த எடுப்பில்.

'துண்டு எதுக்குன்னு கேக்கலாம்னு வந்தேன்.'

'ஓப்பனா பேசினா இன்னா ஆவும் தெரியுமா? ஒருத்தன் வந்து வேணும்னே முப்பதுன்னு கத்திட்டுப் போவான். அதுக்கு அப்பால வர்றவன் எவனும் முப்பத்தொண்ணத் தாண்ட மாட்டான். வித்தவனுக்குத்தான் நஷ்டம். அதுவும் இல்லாம, பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரின்னு அவசரத்துக்கு விக்க வந்தவன் மானம் துண்டுக்குள்ள கீது சார். நாலு பேரு முன்னாடி கம்மி வெலைக்கு விட்டான்னு இருக்கக் கூடாது பாருங்க.'

நியாயம்தான். நான் யோசிக்காத நியாயம். பேரம் நடக்கும்போது துண்டு விற்கிறவரையும் காப்பாற்றுகிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேரம் முடிந்த பிறகும் எதற்கு ரகசியம்? இதைக் கேட்டேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, 'அது எங்க பொழப்பு சார்' என்றார். நேர்மையான மனிதர்.

* * *

எங்கள் வீட்டிலும் ஒரு மாடு இருந்தது. அம்மாதான் கறப்பார். எந்த வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு என்று அடுக்களைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பார். மாசக் கடைசியில் அந்தக் கோடுகளை எண்ணி வசூல் பண்ணுவார். நான் காலேஜ் சேர்ந்த வருஷம் அப்பா மாட்டை ஒரு சந்தைக்கு ஓட்டிப் போனார். எந்தச் சந்தை என்பதை விடுங்கள். சாயங்காலம் வெறுங்கயிற்றோடு திரும்பி வந்தார். என் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. 'எவ்வளவுக்குப் போச்சு?' என்று அம்மா கேட்டார். 'வித்தாச்சு, விடு' என்றார் அப்பா.

குறைந்த விலைக்குப் போயிருக்க வேண்டும். தரகர் என்ன சொன்னாரோ, அப்பா எதற்கு விரலை மடக்கினாரோ. அம்மா அதற்கப்புறம் பல வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கோபமாக ஒருமுறை, கேலியாக ஒருமுறை. பதில் கடைசிவரை வரவில்லை. அந்த மாட்டு விலையில்தான் நான் இரட்டைப் பதிவுக் கணக்கு முறை படித்தேன். எல்லா வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்று மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டுக் கணக்கில் மட்டும் ஒரு வரவு எழுதப்படவே இல்லை.

* * *

இப்போது சுற்றிப் பாருங்கள். முட்டை விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கிறது. நாமக்கல் விலை நாலு காசு ஏறினால் செய்தியில் வருகிறது. கோயம்பேட்டுத் தக்காளி விலை காலை காபிக்கு முன்னால் வந்துவிடுகிறது. தங்கத்துக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. ஏன், அந்தச் செவலை மாட்டின் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சொசைட்டியில் கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு என்று அளந்து விலை போடுகிறார்கள். மாட்டின் பாலுக்கு இத்தனை அளவு. மாட்டுக்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி. இந்தப் பக்கம் பேரணாம்பட்டு, கிழக்கே ராணிப்பேட்டை. தோல் பதனிடுகிற ஊர்கள். உலகத்தின் பெரிய பிராண்ட் ஷூக்களுக்கு இங்கிருந்து தோல் போகிறது, ஷூவாகவே தைத்தும் போகிறது. பொய்கையில் விற்ற மாடு நேராக ஆம்பூருக்குப் போகிறது என்று சொல்லவில்லை. அங்கே வரும் தோல் பல மாநிலங்களிலிருந்தும் வருகிறது, வெளிநாட்டிலிருந்தும் வருகிறது. நான் சொல்ல வருவது வேறு.

பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். அளக்க மெஷின் இருக்கிறது. தடிமனுக்கு மில்லிமீட்டர் கணக்கு. உண்ணி கடித்த தழும்பு, சூடு போட்ட தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்து ரகம் பிரிக்கிறார்கள். தழும்பு இருந்தால் ரகம் இறங்கும். ரகம் இறங்கினால் விலை இறங்கும். எல்லாம் பில்லில் இருக்கும்.

ஆக, மாடு உயிரோடு நிற்கும்போது அதற்கு அளவும் இல்லை, எழுத்தும் இல்லை. செத்துத் தோலான பிறகு சதுர அடி, மில்லிமீட்டர், பில். இதே சாலையில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இந்த ரெண்டு உலகமும் இருக்கின்றன. வாங்குகிறவன் ஏற்றுமதிக்காரனாக இருந்தால் அளவு வந்துவிடுகிறது. விற்கிறவள் பால்காரப் பெண்மணியாக இருந்தால் துண்டு வந்துவிடுகிறது.

* * *

அரசாங்கம் மாட்டுச் சந்தை பக்கம் வந்ததே இல்லையா என்றால், வந்தது. 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்கென்று புதிய விதிகள் கொண்டுவந்தது. இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்ற பகுதிதான் நமக்கெல்லாம் நினைவிருக்கும். நாடே ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மே 30-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

அந்தத் தடை சரிதான் என்பது என் கட்சி. எதைத் தின்பது, எதை விற்பது என்பதை அரசாங்கம் சந்தை வாசலில் நின்று சொல்ல வேண்டியதில்லை. கறவை நின்ற மாட்டை விற்க முடியாவிட்டால் புது மாடு வாங்கப் பணம் எங்கிருந்து வரும்?

ஆனால் அதே விதிகளுக்குள் இன்னொரு பட்டியல் இருந்தது. சந்தையில் மாட்டுக்குக் கொட்டகை வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும், தீனி வைக்க இடம் வேண்டும், ஏற்றி இறக்க சாய்தளம் வேண்டும், வைத்தியம் பார்க்க வசதி வேண்டும். இதில் எதை எந்தக் கட்சி எதிர்க்கும்? ஒன்றும் எதிர்க்காது. அதனாலேயே எந்தக் கட்சியும் பேசவும் இல்லை. சண்டையில் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து காணாமல் போயின. பசுவைத் தாய் என்றவர்களும் பேசவில்லை, பசுவை உணவு என்றவர்களும் பேசவில்லை. பொய்கைக்கு மட்டும் சொல்லவில்லை. நான் சுற்றிப் பார்த்த சந்தைகளில் பாதிக்கு மேல், மத்தியான வெயிலில் நிழல் என்றால் லாரிக்கு அடியில் விழும் நிழல்தான்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு வேலை மட்டும் மறப்பதில்லை. சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவது. ஏலம் எடுத்தவர் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ரசீது கொடுத்துவிடுவார். தேர்தல் வந்தால் பறக்கும் படை வரும். ஐம்பதாயிரத்துக்கு மேல் கையில் ரொக்கம் இருந்தால் கணக்குக் காட்டு என்பார்கள். ரெண்டு கறவை மாட்டின் பணம் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடுமே! அந்த வாரம் சந்தையே படுத்துவிடும். ஆக, சந்தைக்கு அரசாங்கம் வருவது ரெண்டே காரணத்துக்கு. ஒன்று வாங்க, இன்னொன்று பிடிக்க.

* * *

என் படிப்புக்குத் தெரிந்த ஒரு சின்னக் கணக்கு. உதாரணம்தான். ஒருவர் ஐம்பதாயிரத்துக்கு மாடு வாங்கி ஆறு வருஷம் கறந்து, இருபதாயிரத்துக்கு விற்கிறார் என்று வையுங்கள். முப்பதாயிரம் தேய்மானம். வருஷத்துக்கு ஐந்தாயிரம். துண்டுக்கு அடியில் ஐந்தாயிரம் குறைந்து பதினைந்துக்குப் போனால்? வருஷத் தேய்மானம் 5,833. வருஷத்துக்கு எண்ணூற்று முப்பத்துச் சொச்சம், ஆறு வருஷமும் அவர் கறந்த பாலிலிருந்து திருடு போனதற்குச் சமம். பால் விலையை லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டச் சொல்லி சாலை மறியல் செய்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் கடைசி நாள் சந்தையில் போகிற பணத்துக்கு யார் மறியல் செய்வது?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. துண்டை உருவச் சொல்லவில்லை. பேரம் அவர்கள் முறைப்படியே நடக்கட்டும். முடிந்த பிறகு, வாசலில் போடும் ரசீதில் விலையையும் எழுதட்டும். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். 'கறவை, நாலு பல், ரெண்டாம் ஈத்து, இவ்வளவு' என்று ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைக்கட்டும். விற்றவர் மானம் போகாது. அடுத்து வருகிறவருக்குக் கண் தெரியும். வரி பயம் வேண்டியதில்லை, உயிருள்ள மாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. விலையைக் குறைத்து எழுதுவார்களே என்பீர்கள். சிலர் எழுதுவார்கள். பத்தில் ஆறு சரியாக இருந்தாலே, ஒன்றும் தெரியாமல் நிற்பதைவிட மேல். இன்னொன்று: 2011-ல் தொடங்கிய விலையில்லா கறவை மாடு திட்டத்தில் பயனாளிகள் பெண்கள்தான். பெண்கள் பேரில் மாடு கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அந்த மாட்டை அவர்களே விலை பேசி விற்க சந்தையில் ஒரு மேஜையும் ஒரு பெண் ஊழியரும் போடத் தெரியாதா?

திரும்பி வரும்போது நண்பர் காரில் ஏ.சி.யைக் கூட்டி வைத்தார். செல்போனில் அன்று எடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். துண்டுப் படத்தில் நிறுத்தினார். ஓரத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்மணி நிற்கிறார். பார்வை துண்டின் மேல் இருக்கிறது.

'அந்தப் பக்கத்து மாடு எவ்வளவுக்குப் போச்சுன்னு கேட்டீங்களா?' என்றார் நண்பர்.

கேட்டேன். மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் மூன்று விலை சொன்னார்கள்.